முதுகில் ஏறிய சிங்கம்

அத்தியாயம் 5

கருத்தப்பாண்டி தும்மினால் மூன்று ஊருக்குக் கேட்கும். எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டி வண்டி கரிசல் பாதையில் இறங்கியபோது அவன் போட்ட தும்மலில், தூரத்துக் காற்றாலை ஒன்று கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அவனே சொன்னதுதான். காற்றாலைக்காரர்கள் இதுவரை மறுக்கவில்லை.

"பங்குனி வெயில்ல சளி பிடிச்ச ஒரே மனுசன் நீதாம்லே" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த நேசம்மாள்.

"யக்கா, இது சளியில்ல. வைத்தியம் பாத்ததுல வந்த வியாதி. அத்தை துளசியும் மிளகும் இடிச்சுக் குடுத்தா. மாமா நொச்சிய வேகவச்சுப் போர்வையப் போட்டு மூடினாரு. பக்கத்து வீட்டுக்காரி மஞ்சளச் சுட்டு மூக்குல புகை விட்டா. மூணும் உள்ள போயி யாரு பெரியவன்னு அடிச்சுக்கிடுது."

நேசம்மாள் சிரிக்கவில்லை. கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடியில் அவளுடைய துப்பறியும் ஆபீஸ். மாப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்துச் சொல்வதுதான் பிழைப்பு. அவளால் நின்றுபோன கல்யாணங்களால் தாலுகாவில் இரண்டு மண்டபங்களுக்கு எப்போதைக்குமாகப் பூட்டு விழுந்ததாக ஒரு பேச்சு உண்டு. வண்டி ஓட்டவும் வாய் ஓட்டவும் கருத்தப்பாண்டி. இன்றைக்கு வந்திருப்பது கல்யாண விசாரணை இல்லை. அதனால்தான் அவள் சிரிக்கவில்லை.

காலையில் ஆபீஸ் படியேறி வந்தவள் வள்ளிமயில். ஒரு வாரமாக அவள் புருசன் முத்துசெல்வத்தைக் காணவில்லை. வேல்சாமி என்பவரோடு கூட்டுச் சேர்ந்து நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தவர். 'தாத்தன் கைமருந்து' என்று பாக்கெட் போட்டு, சளிக்கு ஒரு பொடி, மூட்டுவலிக்கு ஒரு பொடி, செரிமானத்துக்கு ஒரு பொடி. ஆறே மாதத்தில் பாக்கெட் சென்னை வரைக்கும் போக ஆரம்பித்திருந்தது.

"பைக்கு கயத்தாறு லாரி ஸ்டாண்டுல நிக்கி. போனு அதுலயே கெடக்கு. எவகூடயோ ஓடிப்போயிட்டாருன்னு ஸ்டேசன்ல சொல்லுதாவ. ஓடிப்போற மனுசன் மூக்குக் கண்ணாடிய வீட்டுல வச்சிட்டா போவாவ?" என்று அழுதாள். "உயிரோட இருந்தா கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா, எம்புருசன் ஓடிப்போகலைன்னு ஊருக்குச் சொல்லுங்க. எனக்கு ரெண்டுல ஒண்ணு வேணும்."

அப்போது கருத்தப்பாண்டி தும்மினான். வள்ளிமயில் அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"அவிய இருந்தா இந்நேரம் ஆயுசு நூறுங்கிற கணக்குல 'நூறு'ன்னு சொல்லியிருப்பாவ. யாரு தும்முனாலும் சொல்லாம இருக்க மாட்டாவ. பஸ்ல பின்சீட்டுல எவனாச்சும் தும்முனாக்கூட எந்திரிச்சுத் திரும்பி 'நூறு'ம்பாவ. கோயில்ல தீபாராதனை நேரத்துல சொல்லி, பூசாரிகிட்ட திட்டு வாங்கியிருக்காவ."

முத்துசெல்வத்தைப் பற்றி அவள் சொன்ன இன்னொரு சேதி, அவர் வேளார் வீட்டுப் பிள்ளை என்பது. பானை வனைவதை விட்டாலும் அக்கி எழுதுவதை விடவில்லை. அக்கி என்றால் விலாவிலோ முதுகிலோ கொப்புளமாகக் கிளம்பி, எரிந்துகொண்டே ஒரு பக்கமாக ஊர்ந்து வருமே, அதுதான். டாக்டர் மாத்திரை தருவார். என்றாலும் இந்தப் பக்கத்தில் வேளார் ஒருவர் வந்து காவியைக் கரைத்து மேலே சிங்கம் எழுதினால்தான் மனசு ஆறும். அக்கியின் தலையும் வாலும் உடம்பைச் சுற்றிவந்து சேர்ந்துவிட்டால் ஆள் முடிந்தான் என்று ஒரு பயம். சேரவிடாமல் சிங்கம் காவல் நிற்கும்.

பாதை முடிந்த இடத்தில் வேல்சாமியின் தோட்டம். பெயர்தான் தோட்டம், பச்சையாக இருந்தது ஒரு வேப்பமரம் மட்டும். நாலாபக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. ஒரு ஆட்டுக்குட்டி விழுந்தால் வால்கூட மிஞ்சாத வெடிப்புகள். களத்தில் சிவப்பாக மிளகாய் வத்தல் காய்ந்தது. களத்தின் ஓரம் காய்ந்த பருத்திக் குச்சியான பருத்திமாரைக் குவித்து ஒரு பெரிய படப்பு. வீட்டுப் பின்கட்டில் அரவை மெஷின் 'கடகட'வென்று ஓடிக்கொண்டிருந்தது. சங்கிலியில் கிடந்த நாய் குரைக்கவில்லை. வந்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாயே குரைக்க மாட்டேங்குதுன்னா இங்கன ஏதோ சரியில்லக்கா" என்றான் கருத்தப்பாண்டி மெதுவாக.

மரத்தடிக் கட்டிலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார் வேல்சாமி. உடம்பின் இடது பாதி முழுக்கக் காவி.

"தள்ளியே நில்லுங்க மேடம்! அக்கி. காத்து பட்டா ஒட்டிக்கிடும்." மெஷின் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார். "முத்துசெல்வமா? அவன் இந்தத் தோட்டத்துப் பக்கம் வந்தே மாசக்கணக்காச்சு. அவன் காணாமப்போன மறுநாளு எனக்கு இந்தச் சனியன் கெளம்பிருச்சு. கவலையில வந்தது. கூட்டாளி போயிட்டாம்லா."

"யாரு எழுதுனது அண்ணாச்சி?"

"நம்மூரு சாமித்துரை வேளாருதான்."

கருத்தப்பாண்டி தும்மினான். பிறகு வேல்சாமியின் மார்பை உற்றுப் பார்த்தான். "அண்ணாச்சி, சிங்கம் எதுக்கு மல்லாக்கப் படுத்திருக்கு? அதுக்கும் செரிமானக் கோளாறா? உங்க பொடியில ஒரு சிட்டிகை குடுக்கலாம்லா?"

நேசம்மாளின் கண் ஒரு நொடி அந்தச் சிங்கத்தின் மேல் நின்றது. நாலு காலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இவன் கெடக்கான் அண்ணாச்சி. எங்க கொழுந்தனாருக்கும் இடுப்புல இதே மாதிரிதான் வந்திருக்கு. காட்டணும். ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன். அப்படியே முதுகையும்."

வேல்சாமி சந்தோசமாகத் திரும்பி உட்கார்ந்தார். வியாதியைப் படம் பிடிக்க ஆள் வந்தால் யாருக்குத்தான் சந்தோசமிருக்காது? முதுகிலும் ஒரு சிங்கம். இது நாலு காலையும் ஊன்றி நின்றது. பிடரி சிலிர்த்து, கண் உருட்டி, வாலைத் தூக்கி.

"நாளைக்கு விடிய தலைக்குத் தண்ணி ஊத்தப்போறேன். அத்தோட எல்லாம் போயிரும்" என்றார் வேல்சாமி.

அதற்குள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்த கருத்தப்பாண்டியின் காலடியில் ஏதோ நொறுங்கியது. பார்த்தால் முட்டை ஓடு. பக்கத்தில் இன்னும் ஒரு குவியல். அதற்குப் பக்கத்தில் உளுத்தம்மாவு ஒட்டிய சட்டி.

"பத்தியத்துல முட்டையா அண்ணாச்சி? எங்க ஊருல அக்கி வந்தவனுக்கு முட்டைங்கிற பேச்சே ஆகாது."

"பூனைக்கு" என்றார் வேல்சாமி.

"பூனையைக் காணமே?"

"அதுவும் காணாமப்போச்சு" என்று சொல்லிவிட்டு வேல்சாமி சிரித்தார். அந்தச் சிரிப்பில் கருத்தப்பாண்டிக்கு முதுகு சில்லென்றது. பங்குனி வெயிலில் அப்படி சில்லிட்டது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது வேல்சாமி ஒரு பாக்கெட்டை எட்ட இருந்தே தூக்கிப் போட்டார். "தாத்தன் சளிப்பொடி. வெந்நீர்ல ஒரு சிட்டிகை. தும்மல் நின்னுரும்."

எப்போதும்வென்றான் டீக்கடையில் பேபி என்கிற அம்மாள் வெந்நீர் கொடுத்தாள். கருத்தப்பாண்டி பொடியைப் போட்டுக் குடித்தான். நேசம்மாள் இரண்டு போட்டோவையும் வள்ளிமயிலுக்கு அனுப்பிவிட்டு, டீயை ஆற்றினாள்.

"சாமித்துரை வேளாரு ஊருலதான இருக்காரு?" என்று கேட்டாள்.

"அவரு மாசி பொறந்ததும் தூத்துக்குடி மக வீட்டுக்குப் போனவரு. இன்னும் வரலையே" என்றாள் பேபி.

நேசம்மாள் தலையை ஆட்டினாள். "பாண்டி, உன் நெஞ்சுல நீயே ஒரு சிங்கம் எழுதுன்னா எப்படி எழுதுவே?"

அவன் குனிந்து தன் சட்டைமேல் விரலால் வரைந்து பார்த்தான். தலை மேலே, கால் கீழே, அவன் கண்ணுக்குச் சரியாகத்தான் இருந்தது. எதிரே இருந்த பேபி சொன்னாள்: "எனக்குத் தலைகீழால்லா தெரியுது."

"அப்பம் மார்புச் சிங்கம் அவரே எழுதிக்கிட்டது" என்றான் கருத்தப்பாண்டி. "ஆனா முதுகுல? முதுகுல எழுத அவருக்கு எட்டாதே."

"அதத்தான் நானும் கேக்கேன். பேபியம்மா, முட்டையும் உளுத்தம்மாவும் எதுக்கு ஆகும்?"

"வடைக்கு" என்றான் கருத்தப்பாண்டி.

"வடையில முட்டை ஊத்துத குடும்பத்துல பொறந்திருக்கியேலே" என்றாள் பேபி. "எலும்பு முறிஞ்சா, வெள்ளைக்கருவுல உளுத்தம்மாவைக் குழைச்சுத் துணியில தடவிக் கட்டுவாவ. சிமெண்டு கணக்கா நிக்கும்."

"வேல்சாமிக்கு எலும்பு முறிவு இல்ல" என்றாள் நேசம்மாள். "சுக்கும் மிளகும் அரைச்சா தெருமுனை வரைக்கும் நெடி வரும். மெஷின் ஓடுச்சு, நெடி வந்துதா?"

"இல்லியே."

"வெறும் மெஷினை எதுக்கு ஓட்டணும்?"

"சத்தத்துக்கு."

"எந்தச் சத்தத்தை மறைக்க?"

கருத்தப்பாண்டி வாயைத் திறந்தான். கொட்டாவிதான் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. "யக்கா, ஒண்ணு கவனிச்சீங்களா? தும்மலே வரலை. கண்ணு மட்டும் சொக்குது."

நேசம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அரைமணி நேரத்துல தும்மலை நிறுத்தி ஆளைத் தூங்க வைக்கிற சுக்கு இந்தக் கரிசல்ல எங்கலே வெளையுது? இது இங்கிலீசு மருந்துக்கடை மாத்திரை. அரைச்சு உள்ள கலந்திருக்கான். சென்னை வரைக்கும் பாக்கெட் ஏன் பறக்குதுன்னு இப்பத் தெரியுது. கூட்டாளிக்கும் தெரிஞ்சுபோயிருக்கும்."

போன் அடித்தது. வள்ளிமயில். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"முதுகுல இருக்கது எங்க வீட்டுச் சிங்கம்க்கா! வாலு நுனியில வேப்பிலைக் கொத்து எழுதியிருக்கு பாருங்க. எங்க மாமனாரு எழுத்து அது. அவரு போனதுக்குப் பெறவு அப்படி எழுதுறது இவிய ஒருத்தருதான். யக்கா, அவிய உயிரோட இருக்காவளா?"

"ஊர்ப்பயக்களை ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு எப்போதும்வென்றானுக்கு வா" என்று மட்டும் சொன்னாள் நேசம்மாள்.

காணாமல் போன மறுநாள் வந்த அக்கி. அதன்மேல் காணாமல் போனவர் கையால் எழுதிய சிங்கம். நேசம்மாள் ஸ்டேசனுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் இருந்தவர், சிங்கத்தின் வாலைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது என்றும், காலையில் யாரையாவது அனுப்புவதாகவும் சொன்னார்.

"காலையில அவன் தலைக்குத் தண்ணி ஊத்திருவான்" என்றாள் நேசம்மாள். "சிங்கமும் கரைஞ்சிரும், முத்துசெல்வமும் கரைஞ்சிருவாரு. வண்டிய இங்கனயே போடு. நடந்து போவோம். நம்ம வண்டிச் சத்தம் கேட்டுத்தான் அவன் மெஷினைப் போட்டிருக்கான்."

வெயில் சாய்ந்து, கரிசல் வெடிப்புகளில் நிழல் நிரம்பத் தொடங்கியபோது அவர்கள் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். மெஷின் ஓடவில்லை. ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. கருத்தப்பாண்டி சுவரோடு சுவராகப் போய், மீட்டர் பெட்டியில் இருந்த பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

இவர்களைப் பார்த்ததும் வேல்சாமி பின்கட்டுக்கு ஓடினார். சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. மறுபடி தட்டும் சத்தம். பிறகு வெளியே வந்தார். கையில் மண்வெட்டி.

"என்ன மேடம், திரும்பி வந்திருக்கீங்க?"

"மனசு கேக்கல அண்ணாச்சி." நேசம்மாள் கட்டிலில் நிதானமாக உட்கார்ந்தாள். மண்வெட்டியைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. "போட்டோவைப் பெரிசு பண்ணிப் பாத்தேன். மார்புல எழுதின சிங்கம் தலைகீழா நிக்கி. நேரா நிக்கிற சிங்கம் அக்கியை விரட்டும். தலைகீழ் சிங்கம் என்ன செய்யும்?"

வேல்சாமி மண்வெட்டியைக் கைமாற்றிப் பிடித்தார்.

"வழிகாட்டி விடும். முதுகுல கெளம்பினது விலாவைச் சுத்தி மார்புக்கு வந்தாச்சு. இப்ப வலப்பக்கம் செவப்புத் தட்டியிருக்கு, பாத்தீங்களா? தலையும் வாலும் சேர இன்னும் நாலு விரக்கடைதான்."

வலப்பக்கம் ஒரு சிவப்பும் இல்லை. கருத்தப்பாண்டிக்கு அது தெரிந்தது. ஆனால் வேல்சாமி குனிந்து பார்த்தபோது அவருக்குச் சிவப்பு தெரிந்திருக்க வேண்டும். ஆளையே காணாமலாக்கத் துணிந்த மனுசன். போலீசுக்குப் பயந்தவர் இல்லை. மண்வெட்டி கையிலிருந்து நழுவி விழுந்தது.

"யக்கா, இதுக்கு என்னதான் செய்ய?"

மேடம் அக்காவாகிவிட்டதைக் கருத்தப்பாண்டி கவனித்தான்.

"வேற வேளாரைக் கூப்பிட்டா ஆகாது. உங்களுக்கே தெரியும். எழுத ஆரம்பிச்ச கைதான் எழுதி முடிக்கணும்."

வேல்சாமி வலது விலாவைத் தடவிப் பார்த்தார். நாய் முனகியது. பிறகு, கடையில் ஏதோ சாமான் விலை கேட்கிற குரலில், தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"முதுகுல எழுதுன பெறவு வலது கை ஒடிஞ்சிருந்தா... இடது கையால எழுதலாமாக்கா? அக்கி ஏத்துக்கிடுமா?"

கருத்தப்பாண்டிக்குத் தூக்கம் போய்விட்டது.

கேட்டு முடித்த பிறகுதான், தான் என்ன கேட்டோம் என்பது வேல்சாமிக்கு உறைத்தது. முகம் இறுகியது. "சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்" என்றார். "முத்துசெல்வம் இங்க இல்ல. வேணும்னா தேடிக்கிடுங்க. கரிசக்காடு பெரிசு. எந்த வெடிப்புல போய்க் கேப்பீங்க?"

நேசம்மாள் எழுந்தாள். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் கறுத்த மண். உள்ளே எங்கோ ஒடிந்த கையோடு ஒரு மனுசன். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாண்டி" என்றாள். "தும்முலே."

"என்னக்கா?"

"தும்முங்கேன்."

அவனுக்குப் புரிந்தது. மூக்கைச் சுருக்கினான், உறிஞ்சினான், சூரியனைப் பார்த்தான். ஊரே சேர்ந்து நிறுத்த முடியாத தும்மல், கேட்கிற நேரத்தில் வர மாட்டேன் என்றது. "வரலையேக்கா! பாவி மனுசன் மாத்திரைய அள்ளிப் போட்டிருக்கான்!"

வேல்சாமி அவர்களைப் புரியாமல் பார்த்தார். கருத்தப்பாண்டி களத்தைப் பார்த்தான். அப்புறம் ஒரே ஓட்டமாக ஓடி, காய்ந்த வத்தலை இரண்டு கையாலும் அள்ளி, கசக்கி, முகத்தை அதற்குள் புதைத்து, ஒரு இழு இழுத்தான்.

அடுத்து வந்த தும்மலைப் பற்றி இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் பேசுகிறார்கள். வேப்பமரம் ஒரு பருவத்துக்கு உண்டான பழுப்பையெல்லாம் அப்போதே உதிர்த்துவிட்டது என்கிறார்கள். அது எப்படியும் போகட்டும். தும்மல் அடங்கியதும் ஒரு அமைதி வந்தது.

அந்த அமைதிக்குள், பருத்திமார்ப் படப்புக்கு அடியில், மண்ணுக்குள்ளே ரொம்ப ஆழத்திலிருந்து, வறண்ட குரல் ஒன்று சொன்னது:

"நூறு."

"ஏசப்பா" என்றாள் நேசம்மாள். "இன்னொண்ணு போடுலே!"

கேட்கவே வேண்டாம். கண்ணீர் வழிய அவன் அடுத்ததைப் போட்டான்.

"இருநூறு" என்றது மண்.

கருத்தப்பாண்டி அன்றைக்கு முதல் தடவையாக ஒரு கேலியும் பேசவில்லை. முள்ளும் குச்சியும் கையைக் கிழிக்கப் படப்பைப் பிய்த்து எறிந்தான். அடியில் தகரம். தகரத்துக்கு அடியில் பாழுங்கிணறு. தண்ணீர் வற்றி எத்தனையோ வருசமான கிணறு. அடியில் காலி பாட்டில்களுக்கு நடுவே, வலது கையில் உளுத்தம்மாவுக் கட்டோடு ஒருவர் சாய்ந்து கிடந்து, கண்ணாடி இல்லாத கண்ணால் வெளிச்சத்தைத் தேடினார்.

"வள்ளிமயிலு வந்துக்கிட்டிருக்கா" என்று கிணற்றுக்குள் சொன்னாள் நேசம்மாள். "ஊருக்கும் சொல்லியாச்சு, நீங்க எங்கயும் ஓடிப்போகலைன்னு."

தூரத்துப் பாதையில் புழுதி கிளம்பியது. கருத்தப்பாண்டி கயிறு தேடித் திரும்பினான். வேல்சாமி ஓடியிருப்பார் என்று நினைத்தான். அவர் ஓடவில்லை. ஒரு சிரட்டையில் காவியைக் கரைத்து, எழுதுகிற கோழி இறகையும் அதில் போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கிணற்று மேட்டில் நின்றார். கண்ணெல்லாம் கிணற்றுக்குள் இருந்தது.

"மெதுவாத் தூக்குங்கப்பா" என்றார். "கை பத்திரம்."